பதினாறு சீசாக்களும் ஒரு கிணறும்

1911-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே எட்டு மைல் தள்ளி, தாமிரபரணியின் தென்கரையில் ஒரு சிறிய கிராமம். அங்கே மிஷன் ஆரம்பப் பள்ளியில் நான் ஒற்றை வாத்தியார். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. பயிற்சிப் பள்ளியை முடித்து வேலைக்கு வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. பனையோலை வேய்ந்த ஒரே அறை, ஒரு கரும்பலகை, இருபத்தெட்டுப் பிள்ளைகள். பையன்கள் பதினேழு, பெண்கள் பதினொன்று.

இப்போது எனக்கு எழுபது நடக்கிறது. இந்தச் சம்பவத்தை இதுவரை இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் மனைவி, அவள் இன்று இல்லை. இன்னொருவர் எங்கள் குருவானவர், அவரும் இல்லை. நானும் போய்விட்டால் இதைச் சொல்ல ஆள் கிடையாது என்ற கவலையில்தான் எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில் பிசான நெல் நடவு நடக்கும் சமயம் மழையும் வரும், மழையோடு வாந்திபேதியும் வரும். ஒரு வருஷம் நாலு பேர், ஒரு வருஷம் பதினாலு பேர் என்று கொண்டுபோகும். முந்தின வருஷம் என் வருகைப் பதிவேட்டிலிருந்தே இரண்டு பெயர்களை அடிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் நோய் வரும் முன்பே பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பிள்ளைகள் மூலமாக வீட்டுக்குப் போகும் என்பது எண்ணம். வீட்டுக்குப் போகத்தான் செய்தது.

முதலில் படம் வரைந்து பார்த்தேன். பேதிக் கிருமி பூதக்கண்ணாடியில் வளைந்து தெரியும் என்று படித்திருந்தேன். அதைக் கரும்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வரைந்தேன். முதல் வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்.

"அய்யா, தண்ணிக்குள்ள வாழைப்பழம் எப்படிப் போச்சு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் படத்தால் காட்ட முடியாது, பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து, தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில், பொருளையே கையில் கொடுத்துக் கற்பிக்கும் பொருட்பாடம் நடத்தியவர் எங்களுக்கு அழுத்திச் சொன்னதும் அதுதான். ஆறு நாள் யோசித்து நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று எழுதும்போது இன்றைக்கும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கிறது. அதுதான் என் வியாதி.

அதற்கு ஒரே அளவில் பதினாறு கண்ணாடிச் சீசாக்கள் வேண்டியிருந்தன. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய்க் கேட்டேன். காலி மருந்துச் சீசாக்களைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டிருந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து, வாயில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னவே, பெட்டிக்கடை போடப் போறீரா? இந்த எண்ணு எண்ணுதீரு. சாக்கோட தூக்கிட்டுப் போரும்."

"பதினாறு போதும்."

"ஒண்ணு உடஞ்சா?"

அது நியாயமாகப் பட்டது. பதினெட்டாக எடுத்துக்கொண்டேன்.

விளையாட்டு இதுதான். பதினைந்து சீசாக்களில் வெறும் தண்ணீர். ஒன்றில் மட்டும் தெளிந்த சுண்ணாம்பு நீர். சுண்ணாம்பைக் கரைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் இறுத்தால் அது தண்ணீரைப் போலவே இருக்கும். எது எது என்று எனக்கே தெரியாதபடி கலைத்து வைத்தேன். பன்னிரண்டு சீசாக்களை இரண்டிரண்டு பேரும், நாலு சீசாக்களைத் தனித்தனிப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் ஒரு சீசாக்காரர் இன்னொரு சீசாக்காரரைத் தேடிப் போய், இரண்டையும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கலந்து, மறுபடி பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே துறையில் குளிப்பதும் குடிப்பதும் மாதிரி. மூன்று தடவை மணி அடித்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள். கடைசியில் ஒவ்வொரு சீசாவிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சுண்ணாம்பு சேராத தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். ஒரு துளி சேர்ந்திருந்தாலும் சிவந்துவிடும்.

எட்டுச் சீசாக்கள் சிவந்தன. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலு எட்டாகி. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பிறகு, சுண்ணாம்பு நீர்ச் சீசாவின் அடியில் நான் முன்பே ஒட்டியிருந்த காகிதத் துண்டை வைத்து, முதல் சீசா யாருடையது என்று தேடினோம். அது மூன்றாம் வரிசையில் உட்காருகிற ஏழு வயதுப் பெண்ணுடையது. தனியாகப் பிடித்திருந்த நாலு பேரில் அவளும் ஒருத்தி. மெலிந்த பிள்ளை. ஆற்றோரம் நடவு வேலை செய்கிறவர்களின் தெருவிலிருந்து வருவாள். அந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வந்த முதல் பெண் அவள்தான்.

"எல்லாருக்கும் பேதி குடுத்தவ இவதாம்லே!" என்று ஒரு பையன் கத்தினான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவள் முகம் சுண்டிப் போயிற்று. அது விளையாட்டுத்தான் என்று நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். இன்னும் நாலு தடவை சொல்லியிருக்க வேண்டும்.

பாடம் முடியும்போது பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன், "நோயுள்ள தண்ணீர் எது?"

"செவந்த தண்ணி!"

இருபத்தெட்டுக் குரல். ஒன்றுகூடக் குறையவில்லை. நான் சிரித்தேன். சபாஷ் என்றேன்.

பிறகு சிவந்த எட்டுச் சீசாக்களையும் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துப் போய் முச்சந்தியில் ஊற்றினார்கள். முன்னால் போனவள் அந்தப் பெண்தான். அவர்கள் வீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவக்கச் செய்து, ஆலாத்தி சுற்றி, கண்ணேறெல்லாம் அந்தத் தண்ணீரோடு போகட்டும் என்று முச்சந்தியில் ஊற்றுவது வழக்கம். அதை யாரும் காலால்கூட மிதிக்க மாட்டார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டில் ஆலாத்தி கிடையாது. பிள்ளைகளுக்குச் சுத்த உணர்வு வந்துவிட்டது என்று வாசலில் நின்று சந்தோஷப்பட்டேன். சிவந்த தண்ணீர் கெட்டது என்று அவர்கள் ஏற்கெனவே வீட்டில் படித்திருந்த பாடத்துக்கு நான் பள்ளிக்கூடத்து முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டேன் என்பது புத்தியில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தபோது அதே பாடத்தை மறுபடி நடத்திக் காட்டினேன். பார்வைப் புத்தகத்தில் மூன்று வரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்த மூன்று வரியையும் எத்தனை தடவை படித்தேன் என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

பாடம் நடத்திய பதினெட்டாம் நாள் மேற்கே இரண்டு ஊர் தள்ளி நோய் வந்துவிட்டது என்று சேதி வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போலப் பள்ளியைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாத மழை. திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். வழியில் கால்வாய்ப் பாலத்தின் மேல் கம்பவுண்டரின் ஒற்றைமாட்டு வண்டி எதிரே வந்தது. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டார்.

"வாரும்வே, உம்மத்தான் தேடுதேன். உம்ம ஊர்ல ஆத்தோரத் தெருவுல ஏழு பேரு படுத்தாச்சு."

"கிணற்றில் மருந்து போடவில்லையா?"

"போடாம இருப்பனா? சனிக்கிழம காலம்பற போட்டேன். நாவப்பழம் கரைச்ச மாதிரி செவந்து நின்னுச்சு. ஒரு சனம் ஒரு வாளி மோக்கலவே! எல்லாம் கால்வாய்க்குப் போயிட்டு. அந்தக் கால்வாயிலதான் மேக்க உள்ளவன் அத்தனை பேரும் துணி அலசுதான். இன்னைக்கி விடியமுன்ன மறுபடி போட்டுட்டு வாரேன். அதுவும் வீண்தான்."

"ஏன் மோக்கவில்லை?"

"உம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ள ஒண்ணு. இந்தா, இம்புட்டு உசரம்தான். கெணத்த மறிச்சுக்கிட்டு நிக்குது. செவந்த தண்ணிய மோக்கப்பிடாது, எங்க வாத்தியாரய்யா சொல்லியிருக்காவ, இங்குது. என்னவே சொல்லிக் குடுத்தீரு?"

மத்தியானத்துக்குள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போனார். நடக்கும்போது காலடிகளை எண்ணுவது என் வழக்கம். பாலத்திலிருந்து ஊர் எல்லை வரை ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரும். அன்று எண்ணவில்லை. ஓடினேன்.

ஆற்றோரத் தெருவில் பத்தொன்பது வீடுகள். அவர்களுக்கென்று உள்ள ஒரே கிணறு தெருக்கோடியில் இருந்தது. பெரிய தெருக் கிணற்றில் மருந்து போட்டபோது அதைப்பற்றி வீடு வீடாகச் சொன்ன தலையாரி, இந்தத் தெருவுக்குள் வரவே இல்லை. கிணற்றுக்கல்லின் மேல் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஓலைக்கொடை. பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க முடியாது.

"அய்யா, மூணு நாளா ஒரு வாளிகூட மோக்க விடல அய்யா!"

என்னிடமிருந்தே அவள் எண்ணப் படித்திருந்தாள்.

அந்த நேரம் அவளுடைய பெரியம்மை, தாயின் அக்காள், கால்வாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள். அந்தத் தெரு நடவுப் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவள், நல்ல குரல் உள்ளவள். அன்று அந்தக் குரலும் இறங்கிப் போயிருந்தது. இந்தப் பெண்ணின் தாயும், தாயோடு இரண்டு வயதுத் தம்பியும் முந்தின ராத்திரியே படுத்துவிட்டார்கள் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. நோயுள்ள வீட்டுக்குள் நிற்காதே என்று பெரியம்மைதான் பிள்ளையை வெளியே விரட்டியிருந்தாள். அந்தப் பெண் நேரே பழையபடி கிணற்றுக்கே வந்து காவல் நின்றுவிட்டாள். மற்றவர்களாவது தப்பட்டும் என்று.

"அந்தத் தண்ணியைக் கொடுக்காதீங்க," என்றேன். "கீழே கொட்டுங்க. இந்தக் கிணத்துத் தண்ணியை எடுங்க."

"இதையா? செவந்துல்லா கெடக்கு!"

"அது மருந்து. ஆஸ்பத்திரிக்காரர் போட்டது. இதுதான் நல்ல தண்ணி."

பெரியம்மை என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக இருபது பேருக்குக் குறையாது.

"செவந்த தண்ணிதான் பேதித் தண்ணின்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீயளாம்?"

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு நாற்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. நான் சொன்னேன், "இல்லியே. நான் அப்படிச் சொல்லவே இல்லியே."

அது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. செவந்த தண்ணீர் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை. பிள்ளைகள்தான் சொன்னார்கள். அந்த இடுக்கில் நான் ஒளிந்துகொண்டேன்.

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

"ஏட்டி! அப்பம் நீயாவா சொன்ன?" என்றாள் பெரியம்மை.

"மூணு நாளா தெருவையே கால்வாய்க்கு வெரட்டிட்டாளே பாவி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் அழவில்லை. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க கேட்டீய. நாங்க எல்லாரும் சொன்னோம். நீங்க சிரிச்சீய."

பெரியம்மை குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை ஓங்கினாள். அப்போதுதான் எனக்கு உணர்வு வந்தது. குறுக்கே போய் நின்றேன். அந்த அடி என் தோளில் விழுந்தது.

"பிள்ளை சொல்லுதது நெசம்," என்றேன். அதற்குள் என் பேச்சும் அவர்கள் பேச்சாகிவிட்டிருந்தது. "நான்தான் அப்படி நெனைக்கும்படி காட்டினேன். தப்பு என்னுடையது. அன்னைக்குச் சீசாவில் இருந்தது நோய் இல்லை, வெறும் சுண்ணாம்பு. நோய்க்கு நிறமே கிடையாது. கால்வாய்த் தண்ணி தெளிவாகத்தான் இருக்கும். இந்தத் தண்ணி மருந்தால் சிவந்திருக்கு. அந்தச் சிவப்பு வேற, இந்தச் சிவப்பு வேற."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு அல்ல. "அன்னைக்குச் சொன்னது வெளாட்டு, இன்னைக்குச் சொல்லுதது மெய்யாக்கும். நாளைக்கு என்ன சொல்லுவீய வாத்தியாரே?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. என் வார்த்தைக்கு அங்கே இனி மதிப்பு கிடையாது. கண்ணால் காட்டிக் கெடுத்ததைக் கண்ணால் காட்டித்தான் திருப்ப முடியும். வாளியை இறக்கி நானே மோந்தேன். பனை ஓலைப் பட்டையில் ஊற்றினேன். நல்ல சிவப்பு. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். எல்லோரும் பார்க்கக் குடித்தேன். ஏழு மடக்கு. துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருந்தது.

"ஆலாத்தித் தண்ணியக் குடிக்காரே!" என்று ஒரு பெண் கத்தினாள். இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

நான் கிணற்றுக்கல்லில் உட்கார்ந்தேன். "இங்கேயே இருக்கேன். எனக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க."

"பாப்போம், பொழுதடைய இருக்கட்டும்," என்றார் சிரித்தவர்.

பொழுதடைய. உள்ளே ஏழு பேர் தண்ணீர் தண்ணீர் என்று கிடக்கிறார்கள், இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு பொழுதடையும்வரை நிற்கப் போகிறார்கள். எனக்கு நெற்றியில் வேர்த்தது. பயத்தினால்தான், தண்ணீரால் அல்ல. ஆனால் அதைப் பார்த்து இரண்டு பேர் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் கல்லிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கம்மைக்குக் குடுக்கலாமா?"

"கொடுக்கலாம்."

"நெசமாவா அய்யா?"

ஏழு வயதுப் பிள்ளை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவளைக் கூட்டத்துக்கு நடுவே விட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். அவள் திரும்பவும் என்னையே கேட்கிறாள். கேட்பதற்கு அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மருந்தின் அளவு சரியாக இருக்குமா, கம்பவுண்டர் தூக்கக் கலக்கத்தில் கூடப் போட்டிருப்பாரோ என்றெல்லாம் அந்த ஒரு கணத்தில் என் மனம் ஓடியது.

"நெசமா," என்றேன்.

அவள் பட்டையில் தண்ணீரை வாங்கிக்கொண்டு, சிந்தாமல், பைய நடந்து வீட்டுக்குள் போனாள். பெரியம்மை அவள் போவதைப் பார்த்தாள். பிறகு கால்வாய்க் குடத்தைக் காலால் கவிழ்த்தாள். தண்ணீர் என் செருப்பு வரை வந்தது. குடத்தைக் கிணற்று நீரில் இரண்டு தடவை அலசி, மூன்றாம் தடவை நிறைத்து இடுப்பில் வைத்தாள்.

"எவளாம் பாத்துகிட்டு நிக்கிய? கொடத்தக் கொண்டாங்கட்டி!"

அந்தக் குரல் திரும்பி வந்துவிட்டது. மத்தியானம் கம்பவுண்டர் வந்து சேரும்போது பத்தொன்பது வீடுகளில் பதினைந்து வீடு மோந்திருந்தது. அவர் வீடு வீடாக மாத்திரை கொடுத்தார், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை விடாமல் ஊட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, "வேய், நாக்க நீட்டும்," என்றார். நீட்டினேன். "செவந்துதான் இருக்கு. சாக மாட்டீரு," என்றார். அன்று அந்தத் தெருவில் யாராவது சிரித்தார்கள் என்றால் அது அந்த ஒரு தடவைதான்.

அவளுடைய தாய் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். தம்பி பிழைக்கவில்லை. நான் வந்து சேருமுன்பே அவன் கை கால் சில்லிட்டிருந்தது. திங்கட்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் தாகத்துக்கு அழுதபோது கால்வாய்த் தண்ணீரைச் சங்கால் புகட்டியவள் அந்தப் பெண்தான். இதைப் பெரியம்மைதான் என்னிடம் சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அந்தத் தெருவில் மொத்தம் ஒன்பது பேர் படுத்தார்கள், மூன்று பேர் போனார்கள். தம்பி, இன்னொரு குழந்தை, ஒரு கிழவர். கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்பிய மூன்றாம் நாளுக்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை.

உன் மேல் தப்பில்லை என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை தம்பியை எடுத்த அன்று, ஒரு தடவை எட்டாம் நாள். இரண்டு தடவையும் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். குருவானவரிடம் போய் நடந்ததைச் சொல்லி, என்னை வேலையிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டேன். அவர், போய்ப் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொன்னார். அதைவிட எடுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இருபத்துநாலு நாள் கழித்துப் பள்ளியைத் திறந்தேன். முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அந்தப் பெண் பதினொன்றாம் நாள் வந்தாள். அதே மூன்றாம் வரிசை. கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். நானும் கேட்கவில்லை. சீசாக்களைப் பரண்மேல் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் வெறும் புத்தகத்தைத்தான் வாசிக்க வைத்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். விடட்டும், கொட்டாவியால் யாரும் சாவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் சந்திரன் தேய்வதும் வளர்வதும் பாடம் வந்தது. அதை வாயால் சொல்லி முடியாது. கதவைச் சாத்தி, ஒரு மூலையில் விளக்கை ஏற்றி வைத்து, ஒரு தேங்காயைக் குச்சியில் குத்தி ஒரு பையன் கையில் கொடுத்து, மற்றப் பிள்ளைகளை மெல்லச் சுற்றி வரச் சொன்னேன். அவர்கள் நடுவில் நின்று பார்த்தார்கள். தேங்காயில் வெளிச்சம் பிறையாகி, பாதியாகிக்கொண்டிருந்தபோது, இரண்டு மாதமாகப் பேசாத அவள் குரல் கேட்டது.

"அய்யா, இது அதேதானா, அது மாதிரியா?"

சுற்றி வந்த பையனை நிற்கச் சொன்னேன்.

"அது மாதிரி," என்றேன்.

"எதெல்லாம் மாதிரி? எதெல்லாம் மாதிரி இல்ல?"

கதவைத் திறந்து வெளிச்சம் வரவிட்டேன். கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் 'மாதிரி', வலது பக்கம் 'மாதிரி அல்ல' என்று எழுதினேன். அவளையே முதலில் சொல்லச் சொன்னேன். தேங்காய்க்கு நார் உண்டு, சந்திரனுக்குக் கிடையாது, என்றாள். ஒரு பையன் சந்திரனைக் குச்சியில் யாரும் குத்தவில்லை என்றான். இடது பக்கம் நாலு வந்தது. வலது பக்கம் பதினொன்று. அன்றைக்குத்தான் நான் அறிவியல் பாடம் நடத்தத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

அடுத்த வாரம் சீசாக்களைப் பரணிலிருந்து இறக்கினேன். மஞ்சள் விளையாட்டை மறுபடி நடத்தினேன். முதல் சீசாவை நானே பிடித்துக்கொண்டேன். எட்டுச் சீசாக்கள் சிவந்ததும் கோட்டுக்கு வலது பக்கத்தை எழுதினோம். நோய்க்குச் சிவப்பு இல்லை. நோய்க்கு மஞ்சள் இல்லை. நோய் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். சிவந்த தண்ணீர் மருந்தாகவும் இருக்கும். நாலாவதைச் சொன்னவள் அவள். சொல்லிவிட்டு உட்கார்ந்து, பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுது பார்த்தேன். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. நான் பாடத்தை நிறுத்திவிட்டு அவள் அழுது முடியும்வரை காத்திருந்தேன்.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். பிறகு திசையன்விளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்குமேல் தெரியாது. விசாரித்திருக்கலாம். என்னமோ தைரியம் வரவில்லை.

அதன்பிறகு முப்பத்துமூன்று வருஷம், ஏழு பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தேன். பெட்டி நிறையப் பொருட்கள் செய்து வைத்திருந்தேன். களிமண் மலைகள், காற்றாடிகள், பனை ஈர்க்குச்சியில் எலும்புக்கூடு, கையால் இழுத்தால் பூ விரிகிற அட்டைகள். ஒன்றையும் அந்த நடுக்கோடு போடாமல் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. இப்போது பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் மின்விளக்கு எரிகிற பொம்மைகளெல்லாம் வைக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. நான் தடியை ஊன்றிக்கொண்டு போய் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது எதில் மாதிரி இல்லை என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்பேன். கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று வாத்தியார்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கார்த்திகை பிறந்தால் அவளுடைய தம்பி, செத்துப்போன அந்தக் குழந்தைக்கு ஒரு வயதைக் கூட்டிக்கொள்கிறேன், இந்த வருஷத்தோடு ஐம்பது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் சரியான பதிலைச் சொல்லக் கேட்டால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை, பயம்தான்.